கட்டுச்சோற்றுக்கு முன்னால்

சத்தியமங்கலம்
10-2-2025

சம்பந்தி நரசிம்மலு அவர்களுக்குச் செங்கோடன் வணக்கம் சொல்லி எழுதுவது.

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். போனில் நாம் பேசுகிற லட்சணம் உங்களுக்கே தெரியும். சாப்டீங்களா, சாப்டேனுங்க, அங்க மழை உண்டுங்களா, இல்லீங்க, அப்ப வெச்சுடட்டுங்களா. நேற்று மூன்று முறை கூப்பிட்டு மூன்று முறையும் இதையே பேசிவிட்டு வைத்தேன். பேப்பரில் எழுதினால் குரலைக் கேட்க வேண்டியதில்லை, தாராளமாகக் கோபப்படலாம். எனக்குக் கோபம் இருக்கிறது.

சனிக்கிழமை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து நிதீஷுக்குப் போன் வந்தது. குழந்தையை எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்களாம். கடையில் பைப்பு வாங்க வந்தவரை அப்படியே நிற்கவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டான். “ஏனுங்கப்பா, போத்தனூர்ல எல்லாம் செஞ்சுபோட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றான். நான் மல்லிச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய?

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன் சம்பந்தி. தலைப்பிரசவம் என்றால் அது தாய்வீட்டுக்குச் சொந்தம். நல்லதாக முடிந்தாலும் அப்படித்தான், இப்படி ஐந்தாம் மாதம் முடிகிற சமயத்தில் கையை விட்டுப் போனாலும் அப்படித்தான். நாங்கள் முந்திக்கொண்டு கை நீட்டினால் உங்களை மதிக்காதது போல ஆகிவிடும். அதனால் வார்டில் கேட்டபோது, பெண் வீட்டார் வருவார்கள், அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். லாஸ்யாவை நீங்கள் போத்தனூருக்குக் கூட்டிப் போனீர்கள், கூடவே குழந்தைக்கும் செய்ய வேண்டியதைச் செய்திருப்பீர்கள் என்று நம்பினேன். இத்தனை நாளும் அதைப் பற்றி உங்களிடம் கேட்காமல் இருந்ததும் மரியாதைக்குத்தான். நிதீஷிடமும் அவளுக்கு எதையும் ஞாபகப்படுத்தாதே என்று சொல்லி வைத்திருந்தோம்.

உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இந்தக் கல்யாணத்தில் உங்களுக்கு முழு மனசு இல்லை என்பது எனக்குத் தெரியும். கவுண்டர் வீட்டில் பெண் கொடுத்தோமே என்று இன்னும் உள்ளுக்குள் இருக்கலாம். அதை என்னிடம் காட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக் குழந்தையைக் குளிர்பெட்டியில் அநாதையாக விட்டுவிட்டீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடிதம் கடுமையாக இருந்தால் மன்னிக்கவும். ராமாமணி அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று பூவாத்தாள் கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
செங்கோடன்


போத்தனூர்
13-2-2025

சம்பந்தி செங்கோடன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று கூரியரில் வந்தது. படித்துவிட்டு வாசலுக்கும் புழக்கடைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ராமாமணி பி.பி. மாத்திரையை எடுத்து வந்து கையில் வைத்தாள். நான் கடிதத்தை அவள் கையில் வைத்தேன். படித்து முடித்து அவளும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாள்.

அநாதை என்ற வார்த்தையை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? குழந்தை ஆஸ்பத்திரியில் இன்னும் இருக்கிறது என்று தெரிந்ததும் அதே வார்த்தையை உங்களைப் பார்த்துச் சொல்லத்தான் எனக்கும் வாய் துடிக்கிறது.

கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன். கட்டுச்சோற்று விருந்து எங்கள் ஜனத்தில் கிடையாது, எங்களுக்குச் சீமந்தம்தான். கல்யாணப் பேச்சுக்கு வந்தபோது எங்கள் ஹாலில் சோபாவில் உட்கார்ந்துகொண்டு சொன்னது நீங்கள். ஏழாம் மாதம் பெண் வீட்டார் வகை வகையாகச் சோறு கட்டிக்கொண்டு வர வேண்டும், விருந்து முடிந்து பெண்ணை அழைத்துப் போக வேண்டும், அதற்கப்புறம்தான் அவள் எங்கள் பொறுப்பு, “அதுவரைக்கும் வயித்துல இருக்கறது எங்க சொத்துங்க, நீங்க கை வெக்கப்படாது” என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ஆனால் நான் அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். உங்கள் பழக்கத்தில் ஒரு குறை வந்துவிடக் கூடாது, நாயுடுவுக்கு முறை தெரியவில்லை என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று எனக்கு எப்போதும் ஒரு பயம். கட்டுச்சோறு ஆகவில்லை. ஆகவே குழந்தை உங்கள் வீட்டுடையது. வார்டில் கேட்டபோது, மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள் என்று நானும் சொல்லிவிட்டு வந்தேன். பெற்றவளை மட்டும் கூட்டி வந்தது டாக்டர் ஓய்வு வேண்டும் என்று சொன்னதால்.

இப்போது வந்திருக்கும் கஷ்டத்தைக் கேளுங்கள். நீங்கள் செய்து முடித்திருப்பீர்கள் என்று நினைத்து, லாஸ்யா கேட்டபோது ராமாமணி உங்கள் தோட்டத்தில் வைத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். எந்த இடத்தில் என்று கேட்டாள். இவள் வாய்க்கு வந்தபடி கிணற்றுப் பக்கம் என்றாள். அதிலிருந்து குழந்தை (என் மகளைச் சொல்கிறேன்) கொஞ்சம் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். உடம்பு தேறியதும் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்கிறாள். நேற்றுவரை அது நாங்கள் தெரியாமல் சொன்னது. இன்றைக்குத் தெரிந்த பிறகு அது பொய். அவள் முகத்தைப் பார்த்து காபி வாங்கிக் குடிக்கவே கூச்சமாக இருக்கிறது.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபீசில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். இத்தனை மாதத்துக்குக் குறைந்ததெல்லாம் சட்டப்படி மருத்துவக் கழிவாம். மஞ்சள் பையில் போட்டு எரிக்கிற கம்பெனி லாரிக்குக் கொடுத்துவிடுவார்களாம். குடும்பம் வரும் என்று சொன்னதால் இவ்வளவு நாள் வைத்திருந்ததே பெரிய விஷயமாம். நான் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். கழிவுப் பஞ்சைக் கையால் அள்ளி எடை போட்டவன். கழிவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் தம்பி, இது அது இல்லை என்று சொன்னேன். தாத்தா என்ற முறையில் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்து இங்கே மயானத்தில் கேட்டால் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். சான்றிதழ் கேட்டுப் போனால் ஏழு மாதத்துக்கு உள்ளே என்றால் பிறப்பும் கிடையாது, இறப்பும் கிடையாது, பதிவே செய்ய மாட்டோம் என்று அந்த ஆபீசில் கைப்பட எழுதித் தந்துவிட்டார்கள். எப்படியாவது நான் செய்து முடிக்கிறேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

போன் செய்யாதீர்கள். லாஸ்யா அடுத்த அறையில் இருக்கிறாள்.

நரசிம்மலு


சத்தியமங்கலம்
17-2-2025

சம்பந்தி அவர்களுக்கு,

நான் சொன்னதை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். பூவாத்தாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உங்கள் ஹாலும், கண்ணாடி அலமாரியும், காலுக்குக் கீழே விரிப்பும் எனக்குக் கொஞ்சம் மிரட்சியாக இருந்தன. நாங்களும் ஒன்றும் சாதாரணப்பட்டவர்கள் இல்லை, எங்களுக்கும் முறை உண்டு என்று காட்டிக்கொள்ளத்தான் கட்டுச்சோற்றை அவ்வளவு பெரிதாகச் சொன்னேன். நீங்கள் அதைச் சட்டம் போலப் பிடித்துக்கொள்வீர்கள் என்று கனவா கண்டேன்? நான் உங்கள் முறையை மதித்தேன், நீங்கள் எங்கள் முறையை மதித்தீர்கள், இடையில் குழந்தையை மதிக்க ஆளில்லாமல் போய்விட்டது.

ஆனால் போத்தனூர் வேண்டாம். லாஸ்யாவிடம் தோட்டம் என்று சொல்லியாகிவிட்டதல்லவா? அப்படியானால் தோட்டம்தான். அம்மணி வந்து பார்க்கிற அன்று அங்கே இருக்க வேண்டும். அவள் நம்பிக்கொண்டிருப்பதை நிஜமாக்கிவிட்டால் உங்கள் வீட்டார் சொன்னதும் பொய்யில்லை. இதை நினைத்துக்கொண்டுதான் சனிக்கிழமை நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாத்தா என்ற முறையில் நானும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பையன் உங்கள் கடிதத்தையும் என் கடிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். “ரெண்டு பேரு கேட்டா நாங்க யாருக்குங்க தர்றது? அம்மாவும் அப்பாவும் வந்து கையெழுத்துப் போடட்டும். இல்லைன்னா கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க” என்றான். இரண்டு பேரும் வேண்டாம் என்று விலகினபோது ஒரு கஷ்டம், இரண்டு பேரும் வேண்டும் என்று நின்றபோது ஒரு கஷ்டம்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதக் கை கூசுகிறது. எங்கள் பங்காளிகளில் சின்னப் பிள்ளைகள் தவறினால் வைக்கிற இடம் ஒன்று பொதுவில் இருக்கிறது. அங்கே வைக்கலாம் என்று பேச்செடுத்தேன். கோயிலில் மாசிப் பொங்கலுக்குச் சாட்டியிருக்கிறது, இப்போது கூடாது என்றார்கள். பொங்கல் முடிந்ததும் வைக்கலாமா என்று கேட்டேன். அப்போதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. நாயுடு வீட்டுப் பெண் வயிற்றில் வந்ததற்குப் பங்காளிக் காட்டில் இடமா என்றார் எங்கள் பெரியப்பா மகன். நான் பதில் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பதில் சொல்லியிருக்க வேண்டும். கிணற்றுப் பக்கம் சொந்த நிலத்தில் வைக்கலாம் என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டால், மயானம் தவிர வேறு இடத்தில் புதைக்க அனுமதி வாங்க வேண்டும், அதற்குச் சான்றிதழ் கொண்டு வாங்க என்கிறார். உங்கள் சான்றிதழ்க் கதைதான் இங்கேயும்.

லாஸ்யாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நிதீஷை வைத்து எப்படியாவது முடித்துவிட்டு, அப்புறம் அவளைக் கூட்டி வருவோம்.

செங்கோடன்


போத்தனூர்
20-2-2025

சம்பந்தி அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன். உங்கள் பேச்சை மீறியதற்கு மன்னிக்க வேண்டும்.

பங்காளிகளைப் பற்றி எழுதி வருத்தப்பட்டிருந்தீர்கள். எங்கள் அண்ணன் மட்டும் என்ன குறைவு? கவுண்டர் வீட்டுப் பிள்ளைக்கு நம் வகையறா மயானத்தில் என்ன வேலை என்று என்னைக் கேட்டார். நானும் பதில் சொல்லாமல்தான் வந்தேன். இதில் நாம் இரண்டு பேரும் ஒரே தராசில் சரியாக நிற்போம்.

செவ்வாய்க்கிழமை லாஸ்யா தோட்டத்துக்குக் கொண்டு போக ஒரு நந்தியாவட்டைச் செடி வாங்கித் தரச் சொன்னாள். கிணற்றுப் பக்கம் வெயில் அதிகமா, நிழலா என்று என்னைக் கேட்டாள். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. உட்காரவைத்து ஒன்று விடாமல் சொன்னேன். நான் வார்டில் சொன்னது, நீங்கள் சொன்னது, கட்டுச்சோறு, தலைப்பிரசவம், இரண்டு கடிதம், எல்லாம். அவள் அசையாமல் கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ராமாமணி பயந்துவிட்டாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடியும் சிரிப்பாகி, கடைசியில், “ஏன் நாயனா, ரெண்டு பேரும் இவ்வளவு மரியாதை பண்ணுனீங்க, யாராவது ஒருத்தர் என்னைக் கேட்டிருக்கலாமில்ல?” என்றாள். இந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

அன்று மாலையே அவளே நிதீஷைக் கூப்பிட்டாள். இத்தனை நாள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருந்ததை இரண்டு பேரும் வெகு நேரம் பேசினார்கள். நேற்று சேர்ந்து போய், நம் இரண்டு கடிதங்களையும் திரும்ப வாங்கிக்கொண்டு, தாயும் தகப்பனுமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தருவார்கள்.

சட்டத்துக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. என் அக்கா மகன் அபிலாஷ் இங்கே கோர்ட்டில் வக்கீலாக இருப்பது உங்களுக்குத் தெரியும். பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை என்று எழுதித் தந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, “இதுதாங்க மாமா நமக்கு லைசென்சு. சட்டத்துக்கு இது பிணமே இல்லீங்க. பிணம்னாத்தானே மயானம், அனுமதி எல்லாம்? அவங்க தோட்டத்துல அவங்க குழி வெட்டி மூடறதை யாரு கேக்க முடியும்?” என்றான். முதலில் எனக்குச் சுருக்கென்றது. அவனை இரண்டு வார்த்தை திட்டினேன். ராத்திரி படுத்த பிறகு யோசித்தேன். நம்மை இத்தனை பாடுபடுத்திய சட்டம் இந்த ஒரு கதவையாவது திறந்து வைத்திருக்கிறதே, அதன் வழியே போய்விட வேண்டியதுதான். அந்தக் காகிதத்தை நகல் எடுத்து உங்கள் வி.ஏ.ஓ.வுக்கு அபிலாஷே அனுப்பியிருக்கிறான்.

லாஸ்யா உங்களுக்குச் சொல்லச் சொன்னது: கிணற்றுப் பக்கம்தான் வேண்டும். பூசாரி வேண்டாம். நாம் இருவரும் வரலாம், ஆனால் எதையும் தீர்மானிக்கக் கூடாது.

நரசிம்மலு


சத்தியமங்கலம்
21-2-2025

சம்பந்தி அவர்களுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், புளியம்பட்டி கூரியர் ஆபீசுக்குப் போகிற பையனிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.

வாங்க. வி.ஏ.ஓ. காகிதத்தைப் படித்துவிட்டு, அப்படியானால் எனக்கு இதில் வேலையே இல்லீங்களே என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். பங்காளிகள் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பூவாத்தாள் சமையற்கட்டிலிருந்து வந்து நின்றாள். “கெணத்துப் பக்கம் ரெண்டு ஏக்கராவும் எங்கப்பன் எனக்குக் குடுத்ததுங்க. பட்டா எம்பேர்ல இருக்குது. அதுல உங்க பங்காளிக் காடு எங்கெ வந்துதுங்க?” என்று கேட்டாள். மோர் கொடுத்தாள், குடித்துவிட்டுப் போனார்கள்.

அம்மணி கேட்டாளாமே வெயிலா நிழலா என்று. காலையில் வெயில், பிற்பகலில் தென்னை நிழல் விழும். சொல்லிவிடுங்கள். அவளுடைய கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

சாப்பாடு இங்கேதான். மறுக்கக் கூடாது.

செங்கோடன்


போத்தனூர்
26-2-2025

அன்புள்ள சம்பந்தி,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீங்கள் டிக்கியில் ஏற்றிய வாழைத்தார் பழுத்துக்கொண்டிருக்கிறது. தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தும் தீரவில்லை. அண்ணன் வீட்டுக்கும் இரண்டு சீப்பு கொடுத்தனுப்பினேன், சாப்பிட்டாராம். கவுண்டர் வீட்டுப் பழம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு இந்த மூன்று ராத்திரியும் நன்றாகத் தூங்கினேன். வீட்டில் லாஸ்யா இல்லை. அவளைப் பூவாத்தாள் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்ததில் ராமாமணிக்குக் கவலை இல்லை, எனக்கும் இல்லை. இதை எழுதுவதற்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். குழியருகே நிதீஷ் காரிலிருந்து எடுத்து வந்தபோது நீங்கள் என்னைப் பார்த்து, “நீங்க வாங்கிக்கங்க” என்றீர்கள். நான், “இல்லீங்க, நீங்கதான் முறை” என்றேன். மறுபடியும் நீங்கள், மறுபடியும் நான். நமக்குப் புத்தியே வராது. அவன் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் உங்களுக்குத் தாளாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிவிட்டீர்கள், அதனால் பார்த்திருக்க மாட்டீர்கள். லாஸ்யா செருப்பைக் கழற்றி வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். கையை நீட்டினாள், நிதீஷ் கொடுத்தான். பூவாத்தாள் அம்மா சுற்றக் கொடுத்தனுப்பிய வெள்ளைத் துணி கொஞ்சம் விலகியிருந்தது, அதைச் சரி செய்து படுக்கவைத்தாள். அவசரமே படவில்லை. ஏதோ பேசினாள், எனக்குக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெண்கள் மயானத்துக்குப் போனதில்லை. என் மகள் அன்றைக்கு மண்ணுக்குள் நின்றாள். எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை சம்பந்தி. பெருமையாகக்கூட இருந்தது.

அபிலாஷ் ஃபீஸ் வேண்டாம் என்கிறான். மல்லிகைப்பூ வந்தால் போதுமாம்.

அவள் எப்படி இருக்கிறாள்? போனில் கேட்டால் நல்லா இருக்கேன் நாயனா என்கிறாள். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.

நரசிம்மலு


சத்தியமங்கலம்
9-3-2025

அன்புள்ள சம்பந்தி,

அம்மணி நன்றாக இருக்கிறாள். போனில் சொல்வது நிஜம்தான். திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் டீச்சர் வேலைக்குப் போகிறாள். பரீட்சை நேரமாம், வரும்போது ஒரு கட்டுப் பேப்பர் தூக்கிக்கொண்டு வருகிறாள். ராகிக் களி பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் முந்தாநாள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பூவாத்தாளுக்கு அதில் வந்த கர்வத்தை என்னால் சகிக்க முடியவில்லை. பனி விட்டு மல்லி நன்றாகப் பிடித்திருக்கிறது. அபிலாஷுக்கு இரண்டு கிலோ புதன்கிழமை பஸ்ஸில் வருகிறது, நீங்கள் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரியப்பா மகன் பேசுவதில்லை. பொங்கலுக்குக் கோயில் வரி வாங்க மட்டும் வந்தார், நின்றபடியே வாங்கிக்கொண்டு போனார். போகட்டும். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை அவரிடம் சொல்லிவிட்டேன். அது என் பேரப்பிள்ளை, உனக்கு வருத்தமாக இருந்தால் நீ வேறு பாதையில் நடந்து போ என்றேன். வாழ்நாளில் நான் அவரிடம் ‘ங்க’ போடாமல் பேசியது அந்த ஒருமுறைதான். மனசு லேசாக இருந்தது.

நேற்று சாயங்காலம் நானும் லாஸ்யாவும் கிணற்றுப் பக்கம் போனோம். அவள் போகிற நேரத்தில் நானும் மோட்டார் நிறுத்தப் போவது போலக் கூடப் போவது வழக்கமாகிவிட்டது. நந்தியாவட்டைக்குத் தண்ணீர் விட்டாள். நான் சும்மா இருக்காமல், அடுத்த வருஷம் இந்தப் பக்கமெல்லாம் மல்லி போடலாமென்று இருக்கிறேன், அதுக்கு இடைஞ்சலாக இருக்குமா அம்மணி என்றேன். எதுக்கு மாமா என்றாள். இங்கே இருக்கிற அதுக்குத்தான் கண்ணு என்றேன். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“‘அது’ இல்லீங்க மாமா. அவ பொண்ணுங்க. நர்சம்மா என்கிட்டக் காட்டுனாங்க. இன்னைக்கு வரைக்கும் யாருமே கேக்கலீங்களே.”

கோபமாகச் சொல்லவில்லை சம்பந்தி. சாதாரணமாகச் சொன்னாள். நிதீஷுக்குக் கையெழுத்துப் போட்ட அன்றே சொல்லிவிட்டாளாம், வேறு யாரிடமும் அவளாகச் சொல்லத் தோன்றவில்லையாம். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நீங்கள் எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் படித்தேன். யாருடைய பொறுப்பு, யாருடைய முறை, யாருடைய மண், எந்தச் சட்டம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. நான் எழுதியதும் அப்படித்தான் இருக்கும். ஆணா பெண்ணா என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு நீங்களே எழுதிவிடுங்கள் மாமா என்று லாஸ்யா சொன்னாள். பெயர் வைத்திருக்கிறாயா அம்மணி என்று கேட்டேன். வைத்திருக்கிறாளாம். அதை உங்களுக்கும் ராமாமணி அம்மாவுக்கும் அவள் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்துவிடுங்கள், எல்லோரும் சேர்ந்து கேட்டுக்கொள்வோம்.

நமக்குப் பேத்தி பிறந்திருந்தாள் சம்பந்தி.

செங்கோடன்